எண்ணுகிறவர்களும் மடை திறக்கிறவர்களும்

ஓர் ஏரி உலக முக்கியத்துவம் வாய்ந்ததா என்று முடிவு செய்ய, ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கை ஒன்பது அளவுகோல்களை வைத்திருக்கிறது. அவற்றில் இரண்டு, நீர்ப்பறவைகளின் எண்ணிக்கை பற்றியவை. அங்கே வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் தங்க வேண்டும். அல்லது ஏதாவது ஒரு பறவையினத்தின் மொத்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்காவது அங்கே வந்துபோக வேண்டும். நூற்றில் ஒன்று என்று சொல்ல அந்த ஒன்று மட்டும் தெரிந்தால் போதாது, நூறும் தெரிந்திருக்க வேண்டும். மங்கோலிய ஏரிக்கரையில் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டி வந்து தென்னிந்தியக் குளங்களில் குளிர்காலம் கழிக்கிற வரித்தலை வாத்தை ஓர் ஊர்க்காரர் மட்டும் எண்ணி முடிக்க முடியாது. வழிநெடுக ஆட்கள் நிற்க வேண்டும்.

நிற்கிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பு வேறு. வனத்துறை மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் நடத்துவது இன்னொன்று. இவை எல்லாவற்றிலும் கால் கடுக்க நிற்பவர்களில் பெரும்பகுதி கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போய் நாலைந்து வருடம் ஆன இளைஞர்கள். பிப்ரவரி 2, உலக ஈரநில நாளன்று செய்தித்தாள்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: இளைஞர்கள் ஈரநிலங்களையும் வலசைப் பறவைகளையும் காக்கிறார்கள். இந்த வாக்கியத்தை உரசிப் பார்க்க விரும்புகிறேன். யார், எதை, யாரிடமிருந்து காத்தார்கள்?

எண்ணுவது எப்படிப்பட்ட வேலை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதை ஏளனம் செய்கிறவர்களும் சரி, தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவர்களும் சரி, ஒரு குளத்தையாவது எண்ணிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. காலையில் கிழக்குக் கரையில் நின்று வெயிலை முதுகில் வாங்க வேண்டும். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு. ஒருவர் கையில் தொலைநோக்கி, இன்னொருவர் கையில் நோட்டு. நாமக்கோழியும் கிளுவையும் ஊசிவால் வாத்தும் ஒன்றாகக் கலந்து மிதக்கும். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கி, அதை நூறாக்கி, அந்த நூறை நீர்ப்பரப்பின்மேல் பாய் விரிப்பதுபோல வரிசையாக விரித்துக்கொண்டே போக வேண்டும். நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தால் போயிற்று; மொத்தக் கூட்டமும் எழும்பி இடம் மாறிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பெருங்கூட்டத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள். சேற்றின் நிறத்திலேயே ஓடித் திரிகிற கொசு உள்ளானை அடியோடு விட்டுவிடுவார்கள். மூன்று நான்கு ஜனவரிகள் தேர்ந்த கையோடு நின்ற பிறகுதான் கண் பழகும். அதற்குள் அந்த மாணவர் படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்.

இவ்வளவு பிழைகளுக்கு இடமிருந்தும் இந்தக் கணக்குக்கு மதிப்பு உண்டா? உண்டு, சந்தேகமே இல்லை. ஒரு குளத்தின் ஒரு நாள் கணக்கு நம்பத்தகாததாக இருக்கலாம். ஆயிரம் குளங்களின் பத்தாண்டுக் கணக்கில் தனித்தனிப் பிழைகள் ஓரளவு கரைந்துபோகும், போக்கு தெரியும். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, ஏறத்தாழ 30,000 பறவை நோக்கர்கள் இணையத்தில் ஏற்றிய மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். வலசை வருகிற கரைப்பறவைகள் மற்றப் பல பறவைகளைவிட வேகமாகக் குறைந்துவருகின்றன என்பதை இந்தியா முழுமைக்குமாகச் சொல்ல முடிந்தது இந்தக் கூலியில்லா உழைப்பால்தான். எந்த அரசுத் துறையும் இவ்வளவு பெரிய பரப்பில் இதைச் செய்து தந்ததில்லை. எனவே அறிவு என்ற தலைப்பில் இளைஞர்களுக்கு முழு மதிப்பெண். இங்கே கஞ்சத்தனம் காட்ட எனக்கு மனமில்லை.

ஆனால் அறிவது வேறு, காப்பது வேறு. இந்த வேறுபாட்டைத் தென் கொரியாவைவிடக் கொடூரமாகக் காட்டிய இடம் இல்லை.

மஞ்சள்கடல் ஓரத்தில் இருக்கிறது சேமங்கும். 1991இல் அரசு அங்கே கடலுக்குக் குறுக்கே சுவர் எழுப்பத் தொடங்கியது. மொத்தம் 33 கிலோமீட்டருக்கு மேல் நீளம்; அதனுள் அடைபட்டது சுமார் 400 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவிலிருந்து சைபீரியாவுக்குப் போகும் உள்ளான்கள் இறங்கி வயிறு நிரப்பிக்கொள்ளும் சேற்றுத்திட்டுகள் அதற்குள்தான் இருந்தன. 2006 மார்ச்சில் நாட்டின் உச்ச நீதிமன்றம் திட்டம் தொடரலாம் என்றது. ஏப்ரலில் சுவர் மூடப்பட்டது. அந்த ஆண்டு தொடங்கி 2008 வரை கொரியப் பறவை ஆர்வலர்களும் ஆஸ்திரேலியக் கரைப்பறவை ஆய்வுக் குழுவினரும் சேர்ந்து அங்கே எண்ணினார்கள். மிக நேர்த்தியான கணக்கெடுப்பு அது. 'கிரேட் நாட்' என்ற பெரிய உள்ளான் இனத்தில் மட்டும் பல்லாயிரம் பறவைகள் சேமங்குமிலிருந்து மறைந்தன. பக்கத்துக் கழிமுகங்களில் அவை கூடவில்லை. அதாவது இடம் மாறிப் போகவில்லை, செத்துப்போயின. 2015இல் அந்த இனம் உலக அளவில் அழிவாய்ப்பு மிக்க பட்டியலுக்கு ஏற்றப்பட்டது. எண்ணியவர்கள் ஒரு மரணத்துக்குத் துல்லியமான பிரேதப் பரிசோதனை அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குமேல் ஒன்றும் இல்லை என்றுதான் பல ஆண்டுகள் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2003இலேயே உள்ளூர் மக்கள் சிலர் குடிமக்கள் சூழலியல் ஆய்வுக் குழு என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். சுவர் மூடிய பிறகு பெரிய அமைப்புகள் கலைந்துபோயின, செய்தியாளர்கள் திரும்பிப் போனார்கள், இவர்கள் மட்டும் போகவில்லை. அடைபட்ட பரப்பின் ஒரு மூலையில், சுரா என்னும் சேற்றுத்திட்டு பாதி உயிரோடு மிஞ்சியிருப்பதைத் தொடர்ந்து பதிவு செய்துவந்தார்கள். இவர்களைப் பற்றிய 'சுரா' ஆவணப்படத்தில் தந்தையின் பின்னால் வந்த சிறுவன் வளர்ந்து இளைஞராகி அதே வேலையைத் தொடர்வதைப் பார்க்கலாம். பிறகு அந்த மூலையிலும் விமான நிலையம் கட்டத் திட்டம் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிமக்கள் வழக்குப் போட்டார்கள். 2025 செப்டம்பரில் சியோல் நிர்வாக நீதிமன்றம் விமான நிலைய அடிப்படைத் திட்டத்தை ரத்து செய்தது. பறவை மோதும் ஆபத்தையும் சூழல் பாதிப்பையும் அரசு சரிவர எடைபோடவில்லை என்பது முக்கியக் காரணம். அரசுத் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போயிற்று; இறுதி வெற்றி என்று இதைச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஒரே கடற்கரையில், ஒரே பறவைகளைப் பற்றிய எண்கள் 2006இல் தோற்று 2025இல் நின்றன.

ஏன்? எண்களின் துல்லியத்தில் விடை இல்லை. 2006க்குப் பிந்தைய கணக்கு, அறிவியல் நோக்கில், எந்த உள்ளூர்க் குழுவின் கணக்குக்கும் குறைந்ததல்ல. வித்தியாசம், கணக்கு வந்த நேரமும் கொண்டுவந்த ஆட்களும். முதலாவது, நடந்து முடிந்ததை அளந்தது. இரண்டாவது, நடக்கப்போவதைக் கேள்வி கேட்டது. கேட்டவர்கள் அந்த மண்ணில் இருபது ஆண்டுகளாக நடந்தவர்கள். எண்ணிக்கை எப்போது காவலாகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த தெளிவான உதாரணம் இதுதான்.

சீனக் கதை இதற்கு நேர்மாறானது, அதனால் ஓர் எச்சரிக்கையும்கூட. அங்கே 2005 முதல் தன்னார்வலர்கள் மாதந்தோறும் கடலோர நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறார்கள். எந்தச் சேற்றுத்திட்டில் எந்தப் பறவை, எப்போது என்ற வரைபடம் அவர்களால் உருவானது. 2018இல் மைய அரசு வணிகத்துக்காகக் கடலை நிரப்புவதை நிறுத்த முடிவெடுத்தது. 2019இல் மஞ்சள்கடல் கரையின் ஒரு பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2024இல், புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இன்னும் சில இடங்களைச் சேர்த்தது. கரண்டிபோல் மூக்கு நுனி விரிந்த, உலகில் சில நூறே மிஞ்சிய உள்ளான் இளைப்பாறும் தியாவ்சினியில், கடல் ஏறும் நேரத்தில் பறவைகள் ஒதுங்க 720 மூ பரப்பில் (ஏறத்தாழ 48 ஹெக்டேர்) ஓரிடம் சீரமைக்கப்பட்டது. இதையெல்லாம் இளைஞர் சக்தியின் வெற்றி என்று எழுதுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. முடிவெடுத்தது அரசு, மேலிருந்து வந்த ஆணை அது. தன்னார்வலர்கள் செய்தது, ஆணை பிறந்த நாளில் எந்த இடத்தை முதலில் காக்க வேண்டும் என்ற பட்டியல் தயாராக இருக்கும்படி பார்த்துக்கொண்டது. சின்ன வேலை இல்லை அது. ஆனாலும் அரசின் மனம் மாறினால் பட்டியல் பட்டியலாகவே கிடக்கும்.

இலங்கையின் மன்னாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்பகுதியில் இருக்கிறது அந்தத் தீவு. அங்கே அதானி கிரீன் நிறுவனம் அமைக்கவிருந்த காற்றாலைகள் பறவைகளின் வழியில் நிற்கும் என்று 2024இல் சுற்றுச்சூழல் அமைப்புகள் இலங்கை உச்ச நீதிமன்றம் போயின. 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. பறவைகள் வென்றன என்று பலர் கொண்டாடினார்கள். புதிய அரசு மின்சாரக் கொள்முதல் விலையை மறுபடி பேச வேண்டும் என்று நின்றதுதான் முன்னே தெரிந்த காரணம். தரவு நீதிமன்றத்தில் இருந்தது உண்மை. ஆனால் கணக்கைத் தீர்த்தது காசு. அதே ஆண்டில் அதே தீவில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் தெருவில் உட்கார்ந்தபோது வெள்ளமும் குடிநீரும் மீன்பிடியும் முன்னே வந்தன, பூநாரை பின்னால் வந்தது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. பறவைக்காக மட்டும் என்று எழுந்த போராட்டம் எதுவும் நீடித்து நான் பார்த்ததில்லை.

வேடந்தாங்கலே இதற்குச் சாட்சி. 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்களுக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பழைய வரலாறு அதற்கு உண்டு. அந்த ஊர்க்காரர்கள் உடன்படிக்கை எதையும் படித்தவர்கள் அல்லர். கடப்ப மரங்களில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கரைந்து வயலுக்கு உரமாக வந்தது. அதனால் பறவையை விட்டுக்கொடுக்கவில்லை. 30 ஹெக்டேர் ஏரி இரு நூற்றாண்டு தாண்டி நிற்பதற்கு இந்தச் சுயநலம் பெரும் காரணம். 2020இல் சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் ஆரத்தில் வெளியிலுள்ள இரண்டு கிலோமீட்டரைக் கழிக்கும் முன்மொழிவு வந்தது. ஊரடங்குக்குள் முடங்கிக் கிடந்த இளைஞர்கள் இணையத்தில் பெரும் சத்தம் எழுப்பினார்கள். அரசியல் கட்சிகளும் வழக்கறிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள், முன்மொழிவு நிறைவேறவில்லை. இந்தச் சத்தத்துக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடலாம். எதிர்ப்பு இல்லாத இடத்தில் கோப்பு நகர்ந்திருக்கும். ஆனால் அலை ஓய்ந்ததும் அந்த இளைஞர்களில் எத்தனை பேர் வேடந்தாங்கலுக்கு நீர் கொண்டுவரும் கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று போய்ப் பார்த்தார்கள்?

திருநெல்வேலிச் சீமைக்கு வருவோம். என் கேள்வி உண்மையில் நின்று திணறுவது இங்கேதான்.

தாமிரபரணியின் அணைக்கட்டுகளிலிருந்து கால்வாய் பிரிந்து குளம் குளமாக நிரம்பி, மறுகால் விழுந்து அடுத்த குளம் போகிற அமைப்பு இது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். ஜனவரியில் தளும்பும், வாத்துகள் வரும். மாசி பங்குனியில் நீர் வடிய ஓரங்களில் சேறு தெரியும். வடக்கே திரும்பவிருக்கும் உள்ளான்கள் கொழுப்பேற்றிக்கொள்ள அந்தச் சேறுதான் சோறு. அதே நேரத்தில்தான் மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கு மீன் பிடிக்க அவசரம். மடையைத் திறந்தோ மோட்டார் வைத்தோ நீரை ஒரே மூச்சில் இறக்கினால் சேறு சில நாள்களில் காய்ந்து வெடித்துவிடும். மெல்ல இறக்கினால் வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். பறவைக்கு வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிப்பது இந்த வேகம். அதைத் தீர்மானிப்பவர்கள் நீர்வளத்துறை ஊழியர், பாசன சங்கத் தலைவர், குத்தகைதாரர், வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்க்கட்டி. ஜனவரியில் எண்ணிய மாணவரின் நோட்டு இவர்களில் ஒருவரிடமாவது போகிறதா? இணையத்தளத்துக்குப் போகிறது, ஆய்வுக்கட்டுரைக்குப் போகிறது, வனத்துறைக்குப் போகிறது. மடை திறக்கிறவருக்குப் போவதில்லை.

சட்டமும் இதற்கு ஒத்தாசை செய்யவில்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் உப்பு விளைவிக்க அமைத்தவற்றையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவைத்துவிட்டன. தெற்கில் நாம் பறவை எண்ணும் குளங்களில் பெரும்பாலானவை பாசனக் குளங்கள். கோடியக்கரைப் பக்கம் பூநாரை மேயும் பாத்திகளில் பல உப்பளங்கள். ராம்சார் பட்டியலில் ஏறினால் இந்த ஓட்டையிலிருந்து தப்பலாம். 2002 முதல் இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் கோடியக்கரை ஒன்றுதான் அந்தப் பட்டியலில் இருந்தது. 2025 தொடக்கத்தில் இருபது இடங்கள், இந்தியாவிலேயே அதிகம். பட்டியலுக்கான ஆவணங்களில் பறவை எண்ணிக்கை முக்கிய அங்கம் என்பதால் எண்ணியவர்களின் வியர்வை வீண்போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பட்டியலில் இல்லாத குளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்தில் கூடுகட்டும் சங்குவளை நாரை குஞ்சுக்கு இரை தேடச் சுற்றியுள்ள இந்தப் பெயரில்லாக் குளங்களுக்குத்தான் போகிறது. கூட்டுக்குக் காவல், சாப்பாட்டுக்குக் காவல் இல்லை.

இங்கே இன்னொரு வகை இளைஞர்களைப் பற்றியும் பேச வேண்டும். 2015 சென்னை வெள்ளத்துக்கும் 2018 கஜா புயலுக்கும் பிறகு தமிழகத்தில் ஊருக்கு ஊர் குளம் தூர்வாரும் இளைஞர் குழுக்கள் எழுந்தன. 2017 முதல் அரசின் குடிமராமத்துத் திட்டமும் உடன் ஓடியது. வெளிநாட்டிலிருந்து பணம் திரட்டி, ஹிட்டாச்சி வாடகைக்கு எடுத்து, ஆக்கிரமிப்பாளரோடு மல்லுக்கட்டி, நீர் நிறுத்திக் காட்டியவர்கள். எண்ணும் இளைஞர்களைவிட இவர்களுக்கு ஊரில் மரியாதை அதிகம், தகுதியான மரியாதைதான். ஆனால் தூர்வாரி முடித்த குளத்தைப் போய்ப் பாருங்கள். கரை செங்குத்தாக வெட்டப்பட்டு, அடி ஒரே ஆழமாக வழிக்கப்பட்டு, நடுவில் மரக்கன்று நட்ட திட்டு ஒன்று நிற்கும். ஆழ நீர் நிறைந்தால் மீனுக்கும் மோட்டாருக்கும் நல்லது. முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் பரவாயில்லை. கொசு உள்ளானுக்கு அங்கே நிற்க இடமே கிடையாது. அதன் கால் இரண்டு விரற்கடை. விரல் நனைகிற நீரும் அதை ஒட்டிய சேறும் வேண்டும் அதற்கு. பவளக்கால் உள்ளானுக்குக் கொஞ்சம் கூடுதல் ஆழம், கருவால் மூக்கனுக்கு அதைவிடக் கூடுதல். குளத்தின் உள்வாயில் சரிவு மெல்ல இறங்கினால்தான் இவை எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு வரிசை கிடைக்கும். பழைய குளங்களில் மேய்ச்சலுக்கு மாடு இறங்கிய பக்கம் அப்படித்தான் இருந்தது. நாட்டுக் கருவேலத்தையும் சீமைக் கருவேலத்தையும் பிரித்துப் பாராமல் வேரோடு பிடுங்கிய இடங்களும் உண்டு. முதலாவதில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும்.

எண்ணும் குழுவும் வெட்டும் குழுவும் ஒரே மாவட்டத்தில் வேலை செய்கின்றன. ஒன்று மற்றதின் கூட்டத்துக்குப் போவது அபூர்வம். எண்ணுகிறவர்கள் நகரத்துக் கல்லூரி, தொலைநோக்கி, ஆங்கிலப் பெயர்ப் பட்டியல் என்று ஓர் உலகம். வெட்டுகிறவர்கள் ஊர்ப்பொது, விவசாயச் சங்கம், வாட்ஸ்அப் குரூப் என்று வேறோர் உலகம். ஒரு மதிய நேரம் குளத்தங்கரையில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் சரிவாக விட வேண்டும், எந்த மரத்தைத் தொடக் கூடாது என்று பேசியிருந்தால் கூடுதல் செலவே இல்லாமல் பல குளங்கள் பறவைக்கும் ஆகியிருக்கும். இந்த இயக்கத்தின் மிகப் பெரிய தோல்வி என்று நான் கருதுவது இதைத்தான். எதிரியிடம் தோற்றதல்ல இது; பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாததால் வந்தது.

நிறுவனங்கள் இளைஞர்களைப் பயன்படுத்தும் விதம் தோல்வியின் மறுபாதி. 2022இல் ராம்சார் நாடுகளின் பதினான்காவது மாநாடு இளைஞர் பங்கேற்பை வலுப்படுத்தத் தனித் தீர்மானமே போட்டது. நோக்கத்தில் பழுதில்லை. நடைமுறையில் இளைஞருக்கு ஒதுக்கப்படுவது ஓவியப் போட்டி, உறுதிமொழி, பேரணி, சான்றிதழ், காணொளிக் கருத்தரங்கு. விழிப்புணர்வு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். குளத்துக்குத் தூர்வாரும் ஒப்பந்தம் போடும் மேசையில், மீன்பாசி ஏலத்துக்கு நிபந்தனை எழுதும் மேசையில், ஈரநில மேலாண்மைத் திட்டம் தயாரிக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது. விழிப்புணர்வு இல்லாமலா பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் குப்பை கொட்டினார்கள்? தெரிந்தேதான் கொட்டினார்கள்.

யார் அந்த இளைஞர் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. நல்ல இருகண்நோக்கி பல ஆயிரம் ரூபாய். விடியுமுன் குளத்துக்குப் போக இருசக்கர வண்டி வேண்டும். ஒரு பெண் பிள்ளை அந்த நேரத்தில் ஆளில்லாக் கரையில் நிற்க வீட்டில் அனுமதி கிடைப்பது அதைவிடக் கடினம். மாடு மேய்க்கும் பையனுக்கும் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் எந்தப் பறவை எந்த மாதம் வரும் என்பது தெரியும். அவர்களுடைய அறிவு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. கூந்தன்குளத்தில் பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்று மக்கள் நம்புகிறார்கள், வீட்டு வேம்பில் நாரை கூடு கட்டினால் விரட்டுவதில்லை. அந்த ஊரின் பால்பாண்டி போன்றவர்கள் விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்துப் பெயர் பெற்றவர்கள். இத்தகையவர்களின் இடத்தைச் சான்றிதழ் வாங்கிய தன்னார்வலர்கள் நிரப்பிவிட முடியாது, நிரப்பவும் வேண்டியதில்லை.

சரி, என் முடிவு. இளைஞர்கள் வலசைப் பறவைகளைக் காக்கிறார்கள் என்ற வாக்கியம் இன்றைய நிலையில் பாதி உண்மை. சாட்சிகள் என்ற வகையில் அவர்கள் இன்றியமையாதவர்கள். அவர்கள் இல்லையென்றால் பறவைகள் குறைகின்றன என்பதே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். காவலர்கள் என்ற பட்டம் இன்னும் சம்பாதிக்கப்படவில்லை, சேமங்கும் போன்ற மிகச் சில இடங்கள் நீங்கலாக. அங்கே அது கிடைத்ததற்குக் காரணம், இருபதாண்டு நகராமல் நின்றது, வழக்காடத் துணிந்தது, அந்த மண்ணோடு வாழ்கிறவர்களோடு சேர்ந்தது. மூன்றும் எண்ணிக்கைக்கு வெளியே இருக்கிற வேலைகள். குற்றத்தை இளைஞர் தலையில் மட்டும் கட்டவும் நான் தயாராக இல்லை. படிப்புக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள நாலு வருடத்தைத் தருகிறவரிடம் இருபது வருடத்தைக் கேட்பது அநியாயம். அந்தத் தொடர்ச்சிக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியது அரசும் பல்கலைக்கழகங்களும். ஒரு வட்டத்துக்கு ஒருவர் என்று உள்ளூர்ப் பிள்ளைகளை ஈரநிலப் பணியாளர்களாக அமர்த்தி, அந்தக் குளத்தின் பறவைக் கணக்கையும் நீர் இறக்கும் நாளையும் ஒரே பதிவேட்டில் எழுதவைத்தால் போதும். பேரணிக்கு ஆகும் செலவில் முடியும்.

இதற்குள்ளாகவே பரீட்சை ஒன்று சென்னையில் நடந்துகொண்டிருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சார் இடமானது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லையும் பாதிப்புப் பரப்பும் அறிவியல்படி வரையறுக்கப்படும்வரை உள்ளேயும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டுமான அனுமதிகளை நிறுத்திவைக்கச் சொன்னது. எந்தத் துண்டு நிலம் ஈரநிலம், எது இல்லை என்று சர்வே எண் வாரியாக வாதம் நடக்கப் போகிறது. அந்தத் துண்டுகளில் பலவற்றைப் பற்றி, எந்த நாளில் எத்தனை கருவால் மூக்கன் நின்றது, எத்தனை பூநாரை இறங்கியது என்று தேதியும் இடக்குறியும் போட்ட பதிவுகள் சென்னை இளைஞர்களின் கைபேசிகளிலும் இணையக் கணக்குகளிலும் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைச் சர்வே வரைபடத்தின்மேல் பொருத்தி, பிரமாணப் பத்திரமாக்கித் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்ய ஒரு வழக்கறிஞரும் நாலைந்து பேரும் சில வார உழைப்பும் போதும். கட்டடக்காரர்கள் தங்கள் வரைபடங்களோடு ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள்.